எட்டுக் கால் நடந்த தூரம்

உறுமலில் இரண்டு வகை உண்டு. எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் பொன்னமராவதியில் மைக் செட் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். நெஞ்சுக்குள் இறங்குவதுபோல் கனமாக 'ம்ம்ம்' என்று வந்தால் அது 50 ஹெர்ட்ஸ்; எர்த் சரியில்லை, அல்லது எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்போடு 'ங்ங்ங்' என்று வந்தால் அது 100 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக மாற்றிய பிறகு அதன் மேடுபள்ளத்தை நிரவ வேண்டிய கண்டன்சர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். 2022 மாசியில் என் சித்தப்பாவின் பெட்டியை அவர் மேசையில் வைத்தேன். மூடியைக் கழற்றும் முன்பே ஹெட்போனை ஒரு காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது எர்த் ஹம் இல்ல. பவர் சப்ளையில ஃபில்டர் போயிருச்சு. சாயங்காலமானா கூடுமே?"

கூடும். மாலையில் ஊர் முழுக்க விளக்குப் போட்டு வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் உறுமல் ஏறும். அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பெட்டி என்று நான் சொல்வது ஒரு டிஏசி. டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் கன்வெர்ட்டர். சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அங்கே கோல்மன் ஸ்ட்ரீட்டில் அடெல்ஃபி என்றொரு கட்டடம். ஆடியோ கடைகளுக்குப் பேர்போனது. ஊருக்கு வருவதற்கு முன் விடுமுறை நாட்களில் அங்கே போய்க் கேட்டுக் கேட்டு, 1991இல் ஐரோப்பாவில் செய்த இந்தப் பெட்டியை வாங்கியிருக்கிறார். லுங்கிகளுக்கும் கோடாலித் தைலப் பாட்டில்களுக்கும் நடுவே சுற்றி, மீனம்பாக்கத்தில் இறங்கி, மடியில் வைத்தபடியே பஸ்ஸில் பொன்னமராவதி வரைக்கும் கொண்டுவந்தார். சிடி பிளேயருக்குப் பின்னால் இதைச் செருகிவிட்டு, நடுவீட்டில் பாயில் உட்கார்ந்து குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலும் கேட்பார். நாங்கள் யாரும் அந்த நேரத்தில் வாசற்படியில் செருப்பைக்கூடச் சத்தமாகக் கழற்ற மாட்டோம். 2019இல் அவர் தவறினார். பெட்டி என்னிடம் வந்தது, உறுமலோடு.

மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது பெரிய சிப்தான். 28 கால்கள்; முதுகில் டி.டி.ஏ.1541ஏ என்று பொறிப்பு. ஆனால் நான் வரலாறு எழுத நினைப்பது அதற்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவில், எட்டே காலோடு உட்கார்ந்திருந்த ஐசியைப் பற்றி. என்.இ.5532. அதன் கீழ் 8923 என்ற எண். 1989ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அதே முதுகில் ஒரு 'எஸ்' முத்திரை, சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துடையது.

சிக்னெட்டிக்ஸை நம் ஊர்ப் பாலிடெக்னிக்கில் படித்த எவரும் தெரியாமலே அறிவார்கள். எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் முதன்முதலாக எல்.இ.டி.யை மினுக்க வைத்துப் பார்த்தோமே, அந்த 555 டைமர் இவர்கள் பெற்றதுதான். ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்து 1972இல் வெளிவந்தது. 1961இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இந்த நிறுவனம் சன்னிவேலில் நிலைகொண்டது. தென் கொரியாவில் 1966லேயே ஆலை போட்டது. 1975இல் டச்சு நிறுவனமான பிலிப்ஸ் அதை வாங்கிக்கொண்டது. அதற்குச் சில வருடம் கழித்து, 1970களின் கடைசியில், 5534 என்ற ஆப்-ஆம்ப், அதாவது ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசி, பிறந்தது. அதில் இரண்டை ஒரே கூட்டுக்குள் வைத்ததுபோல் 5532 வந்தது. ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று கால் வீதம் ஆறு, மின்சாரத்துக்கு இரண்டு. ஆக எட்டு.

அதற்கு முன்பிருந்த ஆப்-ஆம்ப்களில் பாட்டு போனால் பின்னணியில் ஒரு மெல்லிய சீறல் கேட்கும். 5532 அதைப் பெருமளவு அடக்கியது, விலையும் ஏறவில்லை. 1980களின் பெரிய ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் மிக்ஸிங் கன்சோல் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் இந்தக் குடும்பத்து ஐசிகள் ஏறின. நீங்கள் அந்தக் காலத்துப் பாட்டு எதைக் கேட்டாலும், அது உங்களிடம் வந்து சேருமுன் இப்படிப்பட்ட எட்டுக்கால் பலவற்றின் உள்ளே புகுந்து வெளியேறியிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

பக்கத்திலிருந்த பெரிய சிப்புக்கும் அதே வீட்டுத் தொடர்புதான். பிலிப்ஸ் ஆய்வகத்தில் ரூடி வான் டி பிளாஷ்ஷே என்ற பொறியாளர் 1970களில் ஒரு வழி கண்டார். சிப்புக்குள் மின்னோட்டத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது கடினம். ஒரு பாதி எப்போதும் ஒரு மயிரிழை கூடுதலாகவே போகும். அந்த இரண்டு பாதிகளையும் ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் சராசரியில் பிழை கரைந்துபோகும் என்றார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வயலை மாற்றி மாற்றி உழக் கொடுப்பதுபோல. அப்படி மாறும்போது எழும் அலையைத் தணிக்கத்தான் 1541ஏவைச் சுற்றி, சேனலுக்கு ஏழாக, பதினான்கு சின்னக் கண்டன்சர்கள் நிற்கும். சிடிக்கு 14 பிட் போதும் என்று முதலில் நினைத்தது பிலிப்ஸ். 16 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது சோனி. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸின் முதல் பிளேயர்களில் இருந்தது 14 பிட் சிப்தான். முழு 16 பிட்டோடு 1541 வந்து சேர்ந்தது 1985இல். அதைத் திருத்திச் செய்தது இந்த 1541ஏ.

இந்த இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையைச் சொன்னால்தான் அண்ணனின் மேசையில் என்ன நடந்தது என்பது விளங்கும்.

சிடியில் பதிந்திருப்பவை எண்கள். ஒரு சேனலுக்கு நொடிக்கு 44,100. ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒன்று. நடுவில் வேறொரு சிப் அதை நான்கு மடங்காக்கி, நொடிக்கு 1,76,400 முறை அனுப்பும். 1541ஏ ஒவ்வொரு எண்ணையும் மின்னோட்டமாக்குகிறது. முழு வீச்சுக்கு 4 மில்லிஆம்பியர். அதை 65,536ஆகப் பங்கு வைத்தால் ஒரு படிக்கு 61 நானோஆம்பியர் வரும். நிழலைவிட மெல்லிய ஒன்று. இதை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வோல்டேஜ் வேண்டும். அங்கேதான் 5532 வருகிறது. 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியே அந்த 4 மில்லிஆம்பியரை இழுத்து, 6 வோல்ட் ஆட்டமாக வெளியே விடுகிறது. எண் ஒலியாவது அந்த இரண்டு அங்குல இடத்தில்தான். பெட்டியின் விலை எவ்வளவாக இருந்தாலும் சரி, அந்த இடம் கெட்டால் எல்லாம் கெட்டது.

வேலை பார்க்கும்போது இன்னொரு காவலும் 5532க்கு உண்டு. 1541ஏவின் வாயில் எப்போதும் பூஜ்ஜிய வோல்ட்டிலேயே நிற்க வேண்டும். 25 மில்லிவோல்ட் அப்படியோ இப்படியோ போனால் துல்லியம் கெடும். எங்கள் அமரகண்டான் ஊரணியை நினைத்துக்கொள்கிறேன். வரத்து எத்தனை வேகமாக வந்தாலும் படிக்கட்டில் நீர்மட்டம் ஒரு விரற்கடைகூட மாறக்கூடாது என்று ஒருவரை மடையில் நிறுத்தினால், அவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! நொடிக்கு 1,76,400 முறை திறந்து மூட வேண்டும். 5532 நல்ல காவலாள். ஆனால் ஒவ்வொரு படி மாறும் அந்தக் கணத்தின் விளிம்பில் அதற்கு மூச்சு வாங்கும். பிறகு வந்த ஆப்-ஆம்ப்கள் இன்னும் வேகமானவை. அதனால்தான் பழைய டிஏசி வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது இந்த ஐசியில்.

நானும் வைக்க நினைத்தேன், அண்ணனிடம் போவதற்கு முன்பே. அமெரிக்காவில் டூசான் நகரத்தில் 1956இல் தொடங்கிய பர்-பிரவுன் என்ற நிறுவனம் செய்த ஓ.பி.ஏ.627 ஆடியோக்காரர்கள் நடுவே பொன் மாதிரி. அது இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் பஞ்சில் தின்னர் தொட்டு ஐசியின் முதுகில் இரண்டு தேய் தேய்த்தார். எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. கீழே உப்புத்தாள் தேய்த்த தடம். "வேற எதையோ சொரண்டிப் பேரெழுதி இருக்கான். போனாப் போவுது, விடுங்க" என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு சென்னை ரிச்சி தெருவில் நம்பகமான ஆள் மூலம் எல்.எம்.4562 இரண்டு வரவழைத்தேன். 5532ஐப்போல் எட்டுக் கால், அதே கால் வரிசை. கெயின் பேண்ட்விட்த் என்று சொல்லும் வேகக் கணக்கில் 5532க்குப் 10 மெகாஹெர்ட்ஸ், இதற்கு 55. இரைச்சலும் ஏறத்தாழப் பாதி. பழையதைச் சக்கரும் சோல்டர் விக்கும் வைத்து, தடம் பிய்யாமல் எடுக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு காலைச் சூடாக்கி ஈயத்தை உறிஞ்சிவிட்டு அண்ணன் வெளியே போய் நின்று வருவார். பலகை ஆறட்டும் என்று. அந்த இடத்தில் ஐசி பேஸ் வைத்து, புதியதைச் செருகிச் சுவிட்சைப் போட்டோம்.

பாட்டு வந்தது. எனக்குப் பிரமாதமாகத் தெரிந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு ஐசியின் மேல் வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"தம்பி, இது பாடலை. கத்துது. நம்ம காதுக்கு எட்டாத இடத்துல நின்னு கத்துது."

அவரிடம் பழைய 20 மெகாஹெர்ட்ஸ் சிஆர்ஓ, மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி, ஒன்று இருக்கிறது. அதை இழுத்துவந்து பிடித்தார். மெல்லிய கோடாக ஓட வேண்டியது தடித்துப் பட்டையாக நின்றது. ஐசி தானாகவே மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அதிர்ந்துகொண்டிருந்தது. காரணம் எளிது. 5532 நிதானமான ஆள். அதற்கு மின்சாரம் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பலகையில் அதற்கான கண்டன்சர் ஓரிரண்டு அங்குலம் தள்ளித்தான் இருந்தது. வேகமான ஐசிக்கு அந்த இரண்டு அங்குலச் செம்புத் தடமே ஒரு தடை. கேட்ட கணத்தில் மின்சாரம் கிடைக்காது, தடுமாறிக் கூச்சலிடத் தொடங்கிவிடும்.

வேகமான ஐசியைப் போட்டால் மேம்பாடு வந்துவிடும் என்று நினைக்கும் எல்லோருக்கும் இந்த இடத்தைக் காட்ட ஆசைப்படுகிறேன். வரைபடத்தில் எழுத்தை மாற்றுவது எளிது. ஐசியைச் சுற்றியுள்ள அக்கம்பக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது.

அக்கம்பக்கத்தை அண்ணன் அடியிலிருந்து தொடங்கினார். மின்வழங்கலில் இருந்த 2,200 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களை எடுத்து மீட்டரில் வைத்தார். ஒன்றில் 900, இன்னொன்றில் 1,100. முப்பது வருடக் கோடை உள்ளிருந்த திரவத்தைக் குடித்திருந்தது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இவ்வகைக் கண்டன்சரின் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. புதுக்கோட்டைச் சீமையில் சித்திரை வெயிலில், மூடிய பெட்டிக்குள், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நின்றது எவ்வளவு தாங்கியிருக்கும்! 7815, 7915 ரெகுலேட்டர்கள் 15 வோல்ட் தர வேண்டுமானால் உள்ளே 17க்குக் குறையாமல் வர வேண்டும். கண்டன்சர் வற்றியதால் ஒவ்வொரு அலையின் பள்ளமும் 17க்குக் கீழே இறங்கியது. மாலையில் வோல்டேஜ் குறைந்தால் இன்னும் ஆழமாக. அந்தப் பள்ளங்கள்தான் நொடிக்கு நூறு. உறுமலின் முகவரி கிடைத்துவிட்டது. 105 டிகிரி ரகத்தில், 35 வோல்ட்டில் புதியவை போட்டோம்.

அடுத்து ஐசியின் காலடி. பலகையைக் கவிழ்த்து நான்காம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் குறுக்கே, நேராக, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றை வைத்தார். கால்களை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டினார். ஒரு நெல் நீளம்கூட மிச்சமில்லை. பிறகு ஒலிப் பாதையின் ஃபில்டரில் இருந்த 2.2 நானோஃபாரட் கண்டன்சர். அதையும் மேலே சொன்ன 1.5 கிலோஓமையும் சேர்த்தால் சுமார் 48 கிலோஹெர்ட்ஸில் மேலே போகும் குப்பையை வெட்ட ஆரம்பிக்கும். அதற்குப் பாலிஸ்டைரீன் கண்டன்சர் வாங்கியிருந்தேன். வெள்ளி நிறத்தில், பழைய ரேடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சூடு தாங்காது, சோல்டரிங் அயர்ன் மூன்று நொடி நின்றால் உருகிச் சுருங்கிவிடும். அண்ணன் இடது கையில் மூக்குக் குறடால் அதன் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், சூடு குறட்டுக்குப் போகட்டும் என்று. வலது கை அயர்னைத் தொட்டு எடுத்தது. மூச்சை அடக்கிக்கொண்டது நான்தான்.

சிஆர்ஓவில் கோடு மெலிந்தது. ஐசி உடம்புச் சூட்டுக்கு வந்தது.

அதன்பின் ஒரு வேலை செய்தோம். மேம்பாடு செய்பவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. பேஸில் இருந்த 4562ஐக் கழற்றிவிட்டுப் பழைய 5532ஐ அங்கேயே செருகிக் கேட்டோம். உறுமல் இல்லை. கரகரப்பு இல்லை. சித்தப்பா பாயில் உட்கார்ந்து கேட்ட காலத்து ஒலி முழுசாகத் திரும்பி வந்திருந்தது. இத்தனை நாளும் நான் குற்றம் சாட்டிய ஐசி பட்டினியில் கிடந்திருக்கிறது. மாறிமாறிச் செருகிக் கேட்டதில், இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை, நான் உணர்ந்த முன்னேற்றத்தில் பாதிக்கு மேல் மின்வழங்கலில் இருந்து வந்தது. மீதியில் கொஞ்சம் கண்டன்சர்கள். கடைசிச் சின்னப் பங்குதான் புது ஐசி.

அந்தச் சின்னப் பங்கை நான் கேட்டது தவிலில். வலந்தலையில் விரல்கூடுகள் விழும்போது எழும் அந்தக் கூர்மை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே துல்லியமாக ஓய்ந்தது. முன்பு ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் பட்டுக்கொண்டிருந்தது. தவிலின் மறுபக்கமான தொப்பியில் குச்சி விழுந்த பிறகும் பின்னால் வயலின் மறையாமல் நின்றது. வலையப்பட்டியாருக்கு 2009இல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். அதற்குப் பல வருடம் முன்பே எங்கள் நடுவீட்டில் சித்தப்பா கொடுத்துவிட்டார். அண்ணன் கண்ணை மூடியபடி கேட்டார். முடிந்ததும், "புதுசே இருக்கட்டும்" என்றார்.

அதனால் மின்னோட்டத்தை வோல்டேஜ் ஆக்கும் இடத்தில் 4562 தங்கியது. அடுத்த கட்டத்தில் இருந்த இன்னொரு 5532ஐத் தொடவே இல்லை. அது செய்யும் வேலைக்கு அதுவே போதும்.

இந்த ஐசிகள் பிறந்த வீடுகளெல்லாம் இன்று கைமாறிவிட்டன. பிலிப்ஸ் தன் சிப் தொழிலை 2006இல் பிரித்துவிட, அது என்.எக்ஸ்.பி. ஆனது. பர்-பிரவுனை 2000இலும், 4562ஐச் செய்த நேஷனல் செமிகண்டக்டரை 2011இலும் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிக்கொண்டது. பெங்களூரில் 1985இலேயே கடை விரித்த அதே நிறுவனம். 5532ஐ இன்றும் அவர்கள் செய்கிறார்கள். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்குக் கிடைக்கும். 1541ஏவை யாரும் செய்வதில்லை. 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானில் நொபியோகா நகரத்தில் ஆசாஹி கசெய் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. உயர்ரக டிஏசிகள் பலவற்றின் இதயம் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பெரிய பெரிய நிறுவனங்கள் தங்கள் கருவிகளை வேறு சிப்புக்கு ஏற்ப மாற்றி வரைய நேர்ந்தது. பரணில் கிடக்கும் பழைய பெட்டியைக் குப்பைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள் என்று நான் காண்பவரிடமெல்லாம் சொல்வதற்கு அந்தத் தீயும் ஒரு காரணம்.

கழற்றிய 5532ஐ என்ன செய்வது? அண்ணன் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, கால் வளையாமல் போட்டுத் தேதி எழுதி அலமாரியில் வைத்தார். "கெடக்கட்டும், வேலைக்காவும்."

பங்குனியில் கொன்னையூர் மாரியம்மன் கோவில் திருவிழா. சுற்று வட்டாரமே அங்கேதான் இருக்கும். நாதஸ்வர மேளத்துக்கு மைக் வைத்தது அண்ணன். பந்தலுக்குப் பின்னால், கயிற்றுக் கட்டிலில் மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் இரவு ஒரு சேனல் இரைந்ததாகவும், திறந்து பார்த்து ஐசியை மாற்றியதாகவும் சொன்னார். கலிஃபோர்னியாவில் உருவான ஒரு குடும்பத்தில், 1989இல் பிறந்து, ஐரோப்பாவில் பெட்டி ஏறி, சிங்கப்பூரில் கண்ணாடி அலமாரியில் நின்று, சித்தப்பாவின் மடியில் பொன்னமராவதி வந்தது இப்போது இன்னும் சில மைல் நகர்ந்திருந்தது.

தவில்காரர் விரல்கூடுகளை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் என் தோளைத் தொட்டு மிக்ஸரைக் காட்டினார்.

"மூணாவது சேனல், தம்பி. தவிலு. உங்க சித்தப்பா ஐசிதான்."

சொல்லிவிட்டு மூன்றாவது குமிழை மெல்ல ஏற்றினார்.